கண்சிமிட்டும் விளக்கும் நிலையாக எரியும் விளக்கும்

 

இன்றைய பதிவு கார் சக்கரத்தைப் பற்றியது. டீச்சருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தும்போது சைக்கிள் பம்பை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் அழுத்தச் சொன்னேனே, அந்தச் சம்பந்தம்தான். அன்று பம்பு அழுத்திய பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று கார் வைத்திருக்கிறீர்கள். வாங்கி நாலைந்து வருடம் ஆனதும் பழைய இரும்பு வீலைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று அலாய் வீல் போட்டுக்கொள்கிறீர்கள். போட்ட அன்றே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வருகிறது. கடைக்காரரைக் கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாதுங்க, கண்டுக்காதீங்க" என்கிறார். நீங்களும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறீர்கள். எங்கள் வீட்டிலும் இந்தப் பொங்கலுக்கு இதே கதை நடந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க அத்தை, என் பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த விளக்கு எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லாடத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு படம், அதன் அடியில் பல் பல்லாக இருக்கும், நடுவில் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அந்தப் படம் அது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் விளக்கு. டி.பி.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இந்த அமைப்பு இரண்டு வகை. ஒரு வகையில் டயருக்குள் எதுவுமே கிடையாது. பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கெனவே ஒரு வேகமானி இருக்கிறது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு கொஞ்சம் சுருங்குவதால் மற்றவற்றைவிட அது அதிக முறை சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்து வண்டி ஊகித்துக்கொள்கிறது. வீல் மாற்றினால் இந்த வகைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நான்கிலும் சரியாகக் காற்று வைத்துவிட்டு, ரீசெட் கொடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டினால் புதிய அளவைக் கற்றுக்கொள்ளும். நான்கு சக்கரத்திலும் ஒரே அளவில் காற்று இறங்கினால் மட்டும் அதற்குச் சட்டென்று பிடிபடாது.

இன்னொரு வகைதான் மாப்பிள்ளை வண்டியில் இருப்பது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வின் அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சென்சார். அதற்குள் அழுத்தம் அளக்கும் கருவி, பட்டன் பேட்டரி, சின்ன ரேடியோ. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, தன் எண்ணையும் தன் சக்கரத்தின் அழுத்தத்தையும் அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் இது 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான். வண்டியிடம் நான்கு எண் எழுதிய ரெஜிஸ்டர் இருக்கிறது. "உள்ளேன் ஐயா, 33" என்று ஒவ்வொரு சக்கரமும் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை பொங்கல் முடிந்த வியாழக்கிழமை டவுனில் ஒரு கடையில் புது அலாய் வீலும் புது டயரும் போட்டுக்கொண்டு வந்தார். பழைய வீல் நான்கும் டயரோடு அப்படியே எங்கள் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அன்று இரவே மகளும் பேரனும் அவரும் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். அவிநாசி, சேலம், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி என்று முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். லாரிகளுக்கு நடுவே ராத்திரி ஓட்டம்.

கடையிலிருந்து துடியலூர் வருவதற்குள் விளக்கு வந்துவிட்டது. "காத்து கம்மியாட்டம் இருக்குதுங் அத்தை" என்று பெட்ரோல் பங்குக்குப் போய் நான்கிலும் 40 ஏற்றிக்கொண்டு வந்தார். விளக்கு அணையவில்லை. மறுபடி போய் 33-க்கு இறக்கினார். அப்போதும் அணையவில்லை. "சென்சாரே தண்டம்" என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தை ஒருவரும் பிரிப்பதில்லை. கவரோடு அப்படியே டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடந்தது. எடுத்துப் படித்தேன். வேலையில்லாத கிழவிக்கு அது நல்ல பொழுதுபோக்கு. இந்த விளக்குக்கு அதில் இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. வந்ததிலிருந்து அசையாமல் எரிந்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் காற்று குறைவு. ஒரு நிமிடம் போலக் கண்சிமிட்டிவிட்டு, அப்புறம் நிலையாக எரிந்தால் காற்று குறைந்ததாக அர்த்தமில்லை, அமைப்பே வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மாப்பிள்ளையை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்சிமிட்டியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டு நிலைத்தது. அழுத்தம் காட்டும் திரையில் நான்கு இடத்திலும் எண்ணுக்குப் பதில் கோடு. ரெஜிஸ்டரில் நான்கு பேருக்கும் ஆப்சென்ட். வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் காய்ச்சல் என்று நினைக்கலாம். நான்கு பேரும் ஒரே நாளில் வரவில்லை என்றால், பிள்ளைகள் வேறெங்கோ இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். "காத்து சரியாத்தானே இருக்கு, லைட்டு எரிஞ்சா எரியட்டும்." காற்று சரியாக இருப்பது இன்றைக்கு. நாளைக்கு இறங்கினால் சொல்ல ஆளில்லை. அதே விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால், புதிதாக எரிந்து காட்டவும் அதனால் முடியாது. "எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்வதை, "எல்லாம் தெரியும்" என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளும் வாத்தியாரை என்ன சொல்வது?

அதற்குள் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் போனில் ஒரு யோசனை சொன்னார். நான்கு சென்சாரையும் ஒரு பி.வி.சி. பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, 33 வரை காற்றடைத்து டிக்கியில் போட்டுவிட்டால் விளக்கு அணைந்துவிடுமாம். சில வண்டிகள் இதில் ஏமாறவும் செய்யும். அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்த மார்க் அட்டைகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! அது கூடப் பரவாயில்லை, அதில் மார்க்காவது உண்மையாக இருக்கும். இது பைப்பின் அழுத்தத்தை டயரின் அழுத்தம் என்று சொல்லிக்கொண்டே மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும். காற்றடைத்த பைப்பு வெயிலில் டிக்கிக்குள் கிடப்பது தனி ஆபத்து. மாப்பிள்ளையிடம் மாமியார் அதிகம் பேசக் கூடாதுதான். இருந்தாலும் பேசினேன்.

சனிக்கிழமை என் பழைய மாணவர் ஒருவரின் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனோம். நான்காம் வகுப்பிலிருந்து தெரியும் அவனை. இப்போது தலை நரைத்துவிட்டது. வண்டியைப் பார்த்ததுமே, "டீச்சர், வால்வு நாலும் கட்டை ரப்பர் வால்வுங்க" என்றான். சென்சார் வால்வு பெரும்பாலும் உலோகத் தண்டும் நட்டும் வைத்து வெளியே தெரியும். ஆனால் ரப்பர் தண்டு வைத்த சென்சாரும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து அவன் முடிவு செய்யவில்லை. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் மேல் வைத்து அழுத்தினான். உள்ளே சென்சார் இருந்தால் அதைத் தட்டி எழுப்பி, எண், அழுத்தம், பேட்டரி நிலை எல்லாம் சொல்ல வைக்கும் கருவி. நான்கு சக்கரத்திலும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கார் ஷெட்டில் கிடந்த பழைய வீல்களின் மேல் வைத்தான். நான்கும் கணீரென்று பதில் சொல்லின.

வீல் மாற்றியவர்கள் பழைய சக்கரத்திலிருந்து சென்சாரை எடுத்துப் புதியதில் வைக்கவே இல்லை. ஞாயிறு காலை பழைய வீலை வாங்க வருகிறவரோடு சென்சார் நான்கும் போயிருக்கும். ஏழெட்டாயிரத்துக்குப் பேசிய சரக்கு, உள்ளே இருந்தது அதைவிட மேல்.

அவன் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கு யாராவது இதைச் செய்தால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள உதவும். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் இயந்திரத்தின் கை வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தாதபடி, தள்ளி வைத்தே அழுத்தினான். மேலே அழுத்தினால் சென்சார் உடைந்துவிடும். சென்சாரை எடுத்ததும் பழைய ரப்பர் வளையம், நட்டு, வால்வுக்குள் இருக்கும் ஊசி, மூடி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை போட்டான். வளையம் ஒருமுறை நசுங்கியது மறுபடி அதே மாதிரி அடைக்காது. ஊசியும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டுமாம். தண்டு அலுமினியம், சாதாரண ஊசி பித்தளை. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு வேதியியல்தான். அழகுக்கு என்று தங்க நிறத்தில் உலோக மூடி வாங்கிப் போடுகிறீர்களே, அதற்கும் இதே கதிதான், பிறகு திருகவே வராது. பிளாஸ்டிக் மூடியே நல்லது. நட்டை அளவுச் சாவி வைத்துத்தான் முறுக்கினான். கடைசியில் நான்கு வீலையும் மறுபடி பேலன்ஸ் செய்தான். சென்சாரின் எடை சேர்ந்ததால் அது அவசியம்.

"நைட்ரஜன் போடலாமா டீச்சர்?" என்று கேட்டான். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது, மீதி இருபத்திரண்டுக்குக் காசு வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே சாதாரணக் காற்றே அடித்தான், நான்கிலும் 33.

கணபதி வரை ஒரு சுற்றுப் போய் வந்தார்கள், இருபது நிமிடம் போல. விளக்கு அணைந்தது. திரையில் நான்கு எண்ணும் வந்தன.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பித் தெருமுனை தாண்டவில்லை, மறுபடி அதே விளக்கு. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னேனுங்களே அத்தை, சென்சார் சரியில்லீங்க." எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இந்த முறை அது சிமிட்டவில்லை. வந்ததும் நிலையாக எரிந்தது. திரையில் கோடு இல்லை, எண் இருந்தது. மூன்று சக்கரம் 33, வலது முன்சக்கரம் 24.

அமெரிக்காவின் விதியில் குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று இருக்கிறது. 33-இல் கால் பங்கு எட்டேகால். 24 என்றால் எரியத்தான் வேண்டும்.

இறங்கிப் பார்த்தோம். வலது முன்சக்கரம் பார்க்க நன்றாக இருந்தது. இதில் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய ரேடியல் டயரின் அடிப்பக்கம் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். 33-க்கும் 24-க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், காலால் உதைத்துப் பார்ப்பதும் வீண். கையில் வைத்து அளக்கும் கேஜை எடுத்து நான்கையும் அளந்தோம். வலது முன்சக்கரம் 33. வலது பின்சக்கரம் 24.

மாணவனுக்குப் போன் செய்தேன். உடனே புரிந்துவிட்டது அவனுக்கு. சென்சார்களை மாற்றும்போது முன்னது பின்னும் பின்னது முன்னுமாக இடம் மாறியிருக்கிறது. வண்டி எண்ணை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறது. முன்பெஞ்சுப் பிள்ளை பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தாலும் ரெஜிஸ்டரில் அவன் பழைய இடம்தான். சில வண்டிகள் தானாகவே இடத்தைக் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்குக் கருவி வைத்து வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டயரை முன்பின் மாற்றும்போதும் இது நடக்கும். ஆகவே திரை ஒரு சக்கரத்தைக் காட்டினால், அதை மட்டும் அளந்து சரியாக இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். நான்கையும் அளங்கள்.

வலது பின்சக்கரத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். வால்வில் குமிழி இல்லை. ரிம் ஓரத்தில் இல்லை. டயரின் பள்ளத்துக்குள் ஓர் இடத்தில் மெதுவாக, கடுகு போலக் குமிழி. ஒரு சின்ன திருகாணியின் தலை. முந்தின நாள் கணபதி சுற்றியதில் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் லேத் பட்டறைகள் அதிகம், ரோட்டோரம் இரும்புச் சுருளும் திருகாணியும் கிடக்காத நாள் ஏது. புத்தம்புது டயர். ஓர் இரவில் ஒன்பது பி.எஸ்.ஐ. இறங்கியிருக்கிறது. இதே சென்சார்கள் அந்தப் பழைய வீலுக்குள்ளேயே இருந்திருந்தால், அன்று இரவு டிக்கி நிறையப் பொருளும் பின்சீட்டில் பேரனுமாக அந்தச் சக்கரத்தில்தான் சேலம் ரோட்டில் போயிருப்பார்கள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அந்தத் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று குறைந்த டயர் ஏன் வெடிக்கிறது என்று பேரன் கேட்டான். ஒரு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். வேகமாகப் போனால் ஒரு நிமிடத்துக்குள் எத்தனை நூறு முறை! உள்ளே சூடேறி, ரப்பரும் இழையும் பிரிந்து, திடீரென்று விடும். வெளியே கடைசி வரை தெரியாது.

இந்த விளக்கு வந்த கதையும் அதுதான். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வண்டி உருண்டதில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் குறை ஒரு பக்கம் இருக்க, குறைந்த காற்றும் சூடும் அதை மோசமாக்கின. அதே ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கு கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. நம் மத்திய அரசு 2020-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தி, 3.5 டன் வரையிலான பயணிகள் வண்டியில் ட்யூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இந்த அமைப்பும் இருந்தால் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்றது. உங்கள் புது வண்டியில் ஸ்டெப்னி இல்லை என்றால் அந்த இடத்தில் இருப்பது இந்த விளக்குதான். அதைக் குருடாக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போவதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அண்ணனுக்கு, மச்சானுக்கு என்று அங்கிருந்து சென்சார் வாங்கி அனுப்பாதீர்கள். அங்கே பல வண்டிகளுக்கு 315 மெகாஹெர்ட்ஸ். இங்கே உள்ள வண்டி காது கொடுத்தாலும் கேட்காது. இங்கிருப்பவர்களுக்கு இன்னொன்று. பஞ்சர் கடையில் வால்வு வழியாகப் பசை ஊற்றினால் சென்சாரின் துளை அடைத்துக்கொள்ளலாம். உள்ளே சென்சார் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்துதான் பேட்ச் போட்டான். சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டு வரும், தனியாக மாற்ற முடியாதபடி அடைத்திருப்பார்கள். நாள்பட்ட வண்டியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் கோடு காட்டினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். பெரியநாயக்கன்பாளையம் பிரிக்காலில் வண்டி மீட்டர் செய்யும் பிள்ளைகள் இதைப் படித்தால், விட்டுப்போனதைக் கமெண்டில் சேர்த்துவிடுங்கள்.

ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து மகள் திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். 36, 37, 36, 36. "மூணு பாயின்ட் ஏறிருக்கும்மா, காத்தை எறக்கிரலாமான்னு கேக்கறாருங்" என்று கீழே எழுதியிருந்தாள். மூடிய பாத்திரத்தில் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 20 டிகிரியில் 33 வைத்தது 35 டிகிரியில் தானாகவே 35-ஐத் தாண்டும், ஓடிச் சூடான டயரில் இன்னும் ஏறும். டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண் ஆறிய டயருக்கு. சூட்டில் இறக்கினால் விடியும்போது குறைந்து கிடக்கும். அப்படியே போகச் சொன்னேன்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் கேஜால் அளந்து அனுப்பியிருந்தார்: 33, 33, 33, 32. அந்த 32 பேட்ச் போட்ட சக்கரம். ஒரு வாரம் தினமும் அதை அளந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று நாள் ஆகிறது, 32-லேயே நிற்கிறது.